தம்பி, அப்பா பனையேறினார் என்று எழுது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் ஓராண்டு நினைவு ஆராதனைக்கு நீ எழுதி அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பை வாசித்தேன். ‘ஜெபவீரர்’, ‘சபையின் தூண்’ எல்லாம் இருக்கிறது. நாம் மூன்று பேரும் என்ன படித்தோம், எங்கே வேலை பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. அந்தப் படிப்புக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இல்லை. அப்பா பனையேறினவர் என்று ஒரு வரி போட உனக்குக் கை வரவில்லை, அப்படித்தானே? சம்பந்தி வீட்டார் வாசிப்பார்களே என்று நினைத்திருப்பாய். அதனால்தான் நாலு பேர் வாசிக்கிற இடத்திலேயே இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ கடைக்குட்டி. உனக்கு விவரம் தெரிவதற்குள் அப்பா ஏறுகிற மரங்களைக் குறைத்துவிட்டார். குதிரைமொழித் தேரியில் நாங்கள் விடிலி போட்டு, அந்த ஓலைக்குடிசையில் கிடந்த வருஷங்கள் உனக்குத் தெரியாது. பதநீர்க் காலம் தொடங்கினால் ஆவணி வரை அந்தச் செம்மணலில்தான் குடித்தனம். விடியுமுன்னே முருக்குத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தடியை மரத்தில் சாய்த்து, அதில் மிதித்து, காலில் தளைநாரை மாட்டி ஏறுவார். மேலே போய்ப் பதநீரை இறக்கி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, பதநீர் புளித்துக் கள்ளாகாமலிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி மறுபடி கட்டிவிட்டு இறங்க வேண்டும். அது ஒரு மரம். அப்படி 30 மரம். சாயங்காலம் பாளை சீவ அதே மரங்களில் மறுபடியும் ஏற்றம். மரத்தில் உரசி உரசி அவர் நெஞ்சு ஆமை ஓடு மாதிரி காய்த்துப் போயிருந்தது. சின்ன வயதில் அதைத் தட்டித் தாளம் போடுவாயே, அதுவாவது நினைவிருக்கிறதா?

ஜெபவீரர் சமாசாரத்துக்கு வருகிறேன். அப்பா கோவிலில் தூங்குவார்டா. போதகர் ஐயர் வசனத்தை வாசித்து முடிப்பதற்குள் தலை தொங்கிவிடும். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஒருநாள் சீவாமல் விட்டால் பாளையின் வெட்டுவாய் காய்ந்து ஊறல் குறைந்துவிடும். அதனால் ஞாயிறன்று இன்னும் முந்தி, இருட்டோடு ஏறி இறங்கி, முதல் மணி அடிக்கும்போது குளித்து, ஈரத்தலையோடு கடைசி வரிசையில் வந்து உட்காருவார். ஓய்வுநாளில் வேலை செய்கிறவன் விளங்குவானா என்று அவர் காதுபட ஒருவர் பேசினாராம். “துரவுல விழுந்த எருத ஓய்வுநாள்ல தூக்கலாம்னு ஆண்டவரே சொல்லிருக்காருல்லா? என் எருது தெனமும் துரவுலதான கெடக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனாலும் அவருக்குள் அது உறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டியை நம் வீட்டில் வைத்துக்கொண்டதே இல்லை. தனி ஓலைக் கொட்டானில் சேர்ந்து, சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போய்விடும். சத்தமாக அவர் ஜெபித்து நான் கேட்டதில்லை. ஏறுமுன் மரத்தில் கை வைத்துக் கொஞ்சம் நிற்பார். அதை ஜெபம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், மூச்சு வாங்கினதாகவும் இருக்கலாம்.

1987இல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு பதநீர் இறக்குகிறவர்களையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். சோதனைக்கு வந்த ஒருவர் கலயத்துக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்து, சுண்ணாம்பு போதாது என்று சொல்லி வரிசையாக உடைத்துப் போட்டார். அப்பா கள்ளைக் கையால் தொடாதவர் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அம்மாவின் கம்மலை அடகு வைத்துத்தான் புதுக் கலயம் வாங்கினார்கள். இத்தனைக்கும் 1978லேயே பனையை மாநில மரமாக அறிவித்தாகிவிட்டது!

அம்மாவுக்கு ‘மனைவி’ என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டாயே. பதநீரைத்தான் அப்பா இறக்கினார்; அதைக் கருப்பட்டி ஆக்கினது அவள். விடிலிக்குள் உடைமர விறகுப் புகையில் உட்கார்ந்து, பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நுணுக்கிப் போட்டு, துழாவி, பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றுவாள். கொஞ்சம் அசந்தால் அன்றைய ஏற்றம் முழுக்கக் கருகிப் போகும். விற்கவும் அவசரப்பட மாட்டாள். அடுப்புக்கு மேலே பரணில் புகைபட அடுக்கி வைத்து, மழைக்காலத்தில் விலை ஏறின பிறகுதான் உடன்குடிக்கு அனுப்புவாள். என் டீச்சர் டிரெய்னிங் ஃபீஸ் அந்தப் பரணிலிருந்து இறங்கியதுதான். உன் பாலிடெக்னிக்கும்.

இன்னொன்றும் விட்டுவிட்டாய். ஐ.எம்.எஸ். என்கிற இந்திய மிஷனரி சங்கத்துக்கான காணிக்கை உறை. பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து 1903இல் தொடங்கிய சங்கம் அது. தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அவர்கள் போன தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. “நமக்கு ஒருத்தன் வந்து சொன்னாம்லா, நாம யாருக்காவது ஆள் அனுப்பாண்டாமா” என்பார். கலயம் உடைந்த வருஷமும் அந்த உறை வெறுமையாகப் போகவில்லை.

இந்த வருஷம் அவர் பெயரில் நான் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் உன் முறை.

அன்புடன்,
அக்கா