பருவ நிறைவுச் செய்தியும் ஒன்பதாம் வகுப்புச் சொல்லேடும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பருவம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. விளையாட்டு விழா மழைக்கு நடுவிலும் நல்லபடியாக நடந்தது. அறிவியல் கண்காட்சியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்துவிட்டன. உழைத்த எல்லோருக்கும் வாழ்த்துகள்.

இனி ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். எட்டாம் வகுப்புப் பெற்றோரும் படித்து வையுங்கள், அடுத்த ஆண்டு உங்கள் முறை.

வரலாற்றில் நாஜிசம் பற்றிய பாடம் முடிந்ததும், ஆங்கில வகுப்பில் யூதப் பேரழிப்பிலிருந்து (ஹிட்லரின் நாஜி ஆட்சி ஐரோப்பிய யூதர்களைக் கொன்றழித்ததிலிருந்து) உயிர்தப்பியவர்களின் நினைவுக்குறிப்புகளில் சில பக்கங்களைப் படிக்கப்போகிறோம். அதற்கு முன்னேற்பாடாக வாரம் 8 சொற்கள் வீதம் ஐந்து வாரத்துக்கு 40 சொற்கள் கொடுத்தோம். சென்ற வாரம் சொல்லேடுகளைத் திருத்த எடுத்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே பொருள், ஒரே பிழை. கைபேசி மொழிபெயர்ப்பில் போட்டு அப்படியே எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் கையெழுத்தே பிள்ளையுடையது அல்ல. டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு நாம்தான் எழுதிக் கொடுப்போமே என்று தோன்றுவது எங்களுக்கும் புரிகிறது. கவிதைக்கான அருஞ்சொற்பொருள் என்றால் கண்டும் காணாமல் விட்டிருப்போம். இந்தப் பாடத்தில் அப்படி விட முடியவில்லை.

ஏனென்றால் இங்கே அகராதிப் பொருள்தான் பொய். 1942 ஜூலையில் போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ பகுதியில் இருந்தவர்களைக் 'கிழக்கே மறுகுடியமர்த்துவதாக' நாஜிகள் அறிவித்தார்கள். தாமாக முன்வந்தால் தலைக்கு 3 கிலோ ரொட்டி, 1 கிலோ ஜாம் தருவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். பட்டினியில் கிடந்தவர்கள் வந்தார்கள். செப்டம்பருக்குள் சுமார் 2,65,000 பேர் ரயிலேற்றப்பட்டார்கள். ரயில் போன இடம் ட்ரெப்ளிங்கா. அங்கே குடியமர வீடு இல்லை, நச்சுவாயு அறைகள்தான் இருந்தன. 'மறுகுடியமர்வு: வேறிடத்தில் வீடு கொடுத்தல்' என்று எழுதிய பிள்ளை, கொன்றவர்கள் சொன்ன பொய்யை அப்படியே நோட்டில் ஏற்றியிருக்கிறது. 'சிறப்பு நடவடிக்கை', 'இறுதித் தீர்வு' இரண்டும் இதே ரகம். முன்னது கொலைக்கு அலுவலகக் கடிதங்களில் இட்ட பெயர். பின்னது ஐரோப்பிய யூதர் அனைவரையும் கொன்றுவிடும் திட்டத்தின் பெயர்.

'தேர்வு' என்ற சொல்லுக்கு எதிரே பலர் 'பரீட்சை' என்று எழுதியிருந்தார்கள். நாஜிகள் போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ்-பிர்கனா முகாமில் ரயிலிலிருந்து இறங்கியவர்களை நாஜி மருத்துவர்கள் சில நொடியில் பார்த்து, வேலைக்கு ஆகிறவர் ஒரு பக்கம், நேரே வாயு அறைக்குப் போகிறவர் மறுபக்கம் என்று பிரித்ததன் பெயர் அது. முதியவர்களும் சிறு குழந்தைகளும் குழந்தையைக் கையில் வைத்திருந்த தாய்மாரும் பெரும்பாலும் இரண்டாவது பக்கம். 'முகாம்' இன்னும் சிக்கல். கண் சிகிச்சை முகாமும் என்.எஸ்.எஸ். முகாமும் நமக்குப் பழகிய சொற்கள். 'கான்சன்ட்ரேஷன் கேம்ப்' என்பதற்குக் கைபேசியோ 'செறிவு முகாம்' என்று தருகிறது, தமிழில் அதற்கு ஒரு பொருளும் இல்லை. 'வதை முகாம்' என்று எழுதச் சொன்னோம். ஆனால் எல்லா இடமும் வதை முகாம் அல்ல. 1933 மார்ச்சில் ஜெர்மனியில் திறந்த டாஹாவ், கைதிகளை அடைத்து ஒடுக்கிய வதை முகாம். ட்ரெப்ளிங்கா கொல்வதற்கென்றே கட்டிய கொலைக்களம். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். ஆஷ்விட்ஸ் இரண்டுமாக இருந்தது. கெட்டோ என்பது நகருக்குள் யூதர்களை அடைத்து வைத்த பகுதி. இந்த நான்கையும் ஒரே சொல்லில் அடக்கினால், படிக்கும் பக்கம் எங்கே நடக்கிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

கைதிகளின் பேச்சுவழக்கு வேறு உலகம். பிர்கனாவில் 'கனடா' என்பது, வந்தவர்களிடம் பறித்த உடைமைகளைப் பிரித்து வைத்த கிடங்கு. செல்வம் கொழிக்கும் நாடு என்ற நினைப்பில் கைதிகளே இட்ட பெயர். நம் பிள்ளைகள் உலக வரைபடத்தில் வட அமெரிக்காவுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். 'ஒழுங்குசெய்தல்' என்றால் முகாமில் ஒரு கரண்டியையோ துண்டுத் துணியையோ எப்படியாவது கைப்பற்றிக்கொள்வது. 'காப்போ' என்பவர் மற்றக் கைதிகளை மேய்க்க நாஜிகள் அமர்த்திய கைதி. அவரைச் 'சிறைக் காவலர்' என்று எழுதினால் அந்தக் கொடுமையின் பாதி போய்விடுகிறது. 'ரொட்டி'கூட சாதாரணச் சொல் அல்ல. ஆஷ்விட்ஸில் மாலையில் கொடுத்த சுமார் 300 கிராம் கருப்பு ரொட்டிதான் மறுநாள் காலைக்கும். அதனால் அதுவே பண்டமாற்றுக்கான நாணயமும் ஆனது.

ஒரு சொல்லைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பசியால் உருக்குலைந்து, பிழைக்கும் எண்ணமே அற்றுப்போன கைதியை முகாமில் 'முசல்மன்' என்றார்கள். ஜெர்மனில் அது இஸ்லாமியரைக் குறிக்கும் பழைய சொல். கைபேசி 'முஸ்லிம்' என்று கொடுத்தது, பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். வகுப்பில் அது வாசிக்கப்பட்டது. இஸ்லாமியப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பு அது. மறுநாள் ஒல்லியான ஒரு மாணவனுக்கு அதுவே பட்டப்பெயர் ஆனது. இதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள மாட்டோம். இந்தப் பாடத்தின் எந்தச் சொல்லும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டப்பெயராகவோ ஸ்டிக்கராகவோ வந்தால், சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெற்றோரை அன்றே அழைப்போம். பெற்றோர் கையெழுத்தில் வரும் சொல்லேட்டுக்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் கிடையாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் போதும். முதல் வரியில் சொல்லும் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதும். அடுத்து, யார் வாயிலிருந்து வந்தது: செய்தவர் சொல்லா, பட்டவர் சொல்லா, பின்னாளில் ஆய்ந்தவர் சொல்லா? 'இறுதித் தீர்வு' முதல் வகை, 'கனடா' இரண்டாவது. 'இனப்படுகொலை' மூன்றாவது, அதன் ஆங்கிலச் சொல்லை 1944இல் அச்சில் கொண்டுவந்தவர் ரஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர். அதன் பிறகு, அந்த இடத்தில் அதன் பொருள் என்ன என்று இரண்டு வரி. கடைசியாக, கொடுத்த பக்கத்தில் அச்சொல் வந்த வாக்கியம். இந்த வாக்கியத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால் கைபேசியின் பிழை தானாகவே பிடிபடும்.

நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். நோட்டை மூடச் சொல்லி, 'இதை யார் சொன்னது, யாரைப் பற்றி?' என்று இரண்டு சொல்லுக்குக் கேளுங்கள். நாளுக்கு 20 நிமிடம். தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். பிணக்குவியல் படங்களையும் காணொளிகளையும் தேடிக் காட்ட வேண்டாம், வகுப்பிலும் காட்டுவதில்லை. 'எல்லாருக்கும் கையில் எண் பச்சை குத்தினார்களா?' என்று பிள்ளை கேட்டால்: இல்லை, ஆஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் மட்டும்தான். அங்கும் நேரே வாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்குக் குத்தவில்லை, அவர்கள் பதிவேட்டிலேயே ஏறவில்லை. ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியைப் பற்றிக் கேட்டால்: அவர் எழுதியது நாட்குறிப்பு. 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துவிட்டதால், உயிர்தப்பியவர் நினைவுக்குறிப்பு என்ற தலைப்பின்கீழ் அது வராது.

பட்டப்பெயர் விஷயத்தைத் தயங்காமல் எங்களிடம் சொன்ன பெற்றோருக்கு நன்றி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த மாணவனின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்ட குடும்பத்துக்கும் நன்றி. இரவில் பிள்ளையோடு உட்கார்ந்து 40 சொல்லையும் எழுதித் தந்த பெற்றோர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை, அந்த அக்கறைதான் பள்ளிக்குப் பலம். கேள்வி கேட்கும் பக்கம் அதைத் திருப்பிவிடுங்கள்.

திருத்திய சொல்லேட்டை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வரலாற்று ஆசிரியரிடம் கொடுக்கலாம். புது நோட்டு வாங்க வேண்டியதில்லை. பழைய பக்கங்களைக் கிழிக்காமல், பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்