வாலில் போய் நில்: ஆண்ட்ரூ மினார்ஸ்கி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கனடாவின் ஹாமில்டன் விமான அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வந்து, இரண்டாம் உலகப் போரில் இறந்த கனடிய விமானப்படை வீரர் ஆண்ட்ரூ மினார்ஸ்கி பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுதவேண்டும் என்று சொன்னாய். எரிகிற உடையோடு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தவர் என்பது உனக்கே தெரியும், எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். நீ வேறு ஒன்றைக் கேட்டுக்கொள்: அவ்வளவு முயன்றும், எரியும் விமானத்தின் பின்னால் சிக்கிய நண்பரை அவரால் ஏன் வெளியே எடுக்க முடியவில்லை? பதில் விமானத்தின் வாலில் இருக்கிறது. மூக்குப் பக்கம் படம் எடுத்து முடித்ததும் நேராக அங்கே போய் நில்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீ பார்க்கப்போவது மினார்ஸ்கி பறந்த விமானம் அல்ல. அவருடையது கேபி 726 என்ற எண் கொண்ட லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம், பிரான்ஸில் விழுந்து நொறுங்கிவிட்டது. அருங்காட்சியகத்தில் இருப்பது எஃப்எம் 213 என்ற இன்னொரு லங்காஸ்டர். பல வருடம் காடரிச் ஊரில் தூண்மேல் நிறுத்திவைத்திருந்ததை இறக்கிச் சீர்செய்து, 1988-இல் மறுபடி பறக்கவிட்டார்கள். மினார்ஸ்கி நினைவாக அவர் விமானத்தின் விஆர்-ஏ எழுத்துகளை அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே மால்டனில், டொரொண்டோவின் இன்றைய பியர்சன் விமான நிலையத்தை ஒட்டியிருந்த விக்டரி தொழிற்சாலையில் செய்தவை. அங்கே மொத்தம் 430 லங்காஸ்டர்கள் செய்தார்கள்.

இப்போது வால். அங்கே இருப்பது துப்பாக்கிக் கூண்டு, டரட் என்பார்கள். மினார்ஸ்கி காலத்து லங்காஸ்டரில் அதில் நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுடும். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்தால் முழங்கை மடக்க இடம் இருக்காது. அதனால் பாராசூட்டை முதுகில் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. உடம்பில் பட்டைகள் மட்டும் இருக்கும். பாராசூட் பொதி கூண்டுக்கு வெளியே, விமான உடலுக்குள் மாட்டியிருக்கும்.

குதிக்கவேண்டும் என்றால் செய்யவேண்டியது இது. கூண்டை நேர்ப்பின்னாக நிறுத்தவேண்டும். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தள்ளுகதவுகள் விமான உடலின் வாய்க்கு நேராக வரும். கதவைத் திறந்து, கையை விட்டுப் பொதியை எடுத்து மார்பில் கொக்கி மாட்டவேண்டும். பிறகு கூண்டைப் பக்கவாட்டுக்குச் சுழற்றவேண்டும். இப்போது அதே கதவு வெட்டவெளியைப் பார்த்திருக்கும். கால்களை விடுவித்துக்கொண்டு முதுகுப்பக்கமாக விழவேண்டும். ஒரு படி தவறினாலும் அடுத்தது நடக்காது.

கூண்டைச் சுழற்றுவது ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம். பின்கூண்டுக்கு அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப் இடப்பக்க வெளி எஞ்சினில் இருந்தது. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் கூண்டு நிற்கும். அப்போதைக்கென்று கையால் சுழற்ற ஒரு பிடி உண்டு. அவ்வளவுதான் மாற்று ஏற்பாடு.

1944 ஜூன் 12 இரவு, நார்மண்டியில் படைகள் இறங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. பிரான்ஸில் கேம்பிரே ரயில் யார்டை அடித்து ஜெர்மன் படைகள் வந்துசேராமல் தடுப்பது வேலை. இங்கிலாந்தின் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளத்திலிருந்து 419-ஆம் ஸ்குவாட்ரன் என்ற கனடிய விமானப் பிரிவு கிளம்பியது. விமானி ஆர்ட் டி பிரேன். பின்கூண்டில் மினார்ஸ்கியின் நண்பர் பாட் பிராஃபி, விமானத்தின் முதுகில் இருந்த இன்னொரு துப்பாக்கிக் கூண்டில் மினார்ஸ்கி. வின்னிபெக்கில் போலந்துக் குடியேறிகளுக்குப் பிறந்தவர், வயது 27. நள்ளிரவு தாண்டி ஒரு ஜெர்மன் போர்விமானம் கீழே, பின்பக்கத்திலிருந்து சுட்டது. இடப்பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் போயின. இடது இறக்கையில் தீ, இரண்டு கூண்டுகளுக்கும் நடுவிலும் தீ. குதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மேலே சொன்ன வரிசையை இதோடு ஒப்பிட்டுப் பார். பிராஃபி கதவை நெம்பிக் கைபோகும் அளவுக்குத் திறந்து பாராசூட்டை எடுத்துவிட்டார். அடுத்தது பக்கவாட்டுக்குச் சுழற்றுவது. எண்ணெய் அழுத்தம் இல்லை. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார், அது ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ஆள் உள்ளே, பாராசூட்டும் உள்ளே, வழி மட்டும் இல்லை.

மினார்ஸ்கியின் நிலைமை நேர் எதிர். தன் கூண்டிலிருந்து இறங்கிவிட்டார். குதிக்கவேண்டிய கதவு வலப்பக்கத்தில், பக்கத்திலேயே. நீ வெளியே நின்று பார்த்தாலே அந்தக் கதவுக்கும் வால் கூண்டுக்கும் இருக்கும் தூரம் தெரியும், சில தப்படிகள்தான். ஆனால் அந்த இடம் வாலை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும், நிமிர்ந்து நடக்க முடியாது. அதில் எண்ணெய் கொட்டி எரிந்துகொண்டிருந்தது. அவர் தவழ்ந்து போனார். தீயணைப்புக் கோடாரியால் கூண்டை நெம்பினார், பிறகு வெறும் கையால் இழுத்தார். இடுப்பு வரை உடையும் பாராசூட்டும் பற்றிக்கொண்டன. போ, போ என்று பிராஃபி கை காட்டியபிறகுதான் பின்வாங்கினார். முகத்தைத் திருப்பாமல் நெருப்பு வழியாகவே பின்னோக்கித் தவழ்ந்து கதவுக்கு வந்து சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார். அவர் எரிந்துகொண்டே இறங்குவதைக் கீழே பிரெஞ்சுக்காரர்கள் பார்த்தார்கள். கண்டெடுத்தபோது உயிர் இருந்தது, தீக்காயத்தில் இறந்தார். மெஹாரிகூர் ஊர்க் கல்லறைத்தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

சிக்கிய பிராஃபி பிழைத்தார்! விமானம் தரையில் மோதியபோது கூண்டு உடைந்து அவரை வெளியே வீசியது. குண்டுகளில் இரண்டு வெடித்தும் அவருக்குப் பெரிய காயமில்லை. எழுவரில் இறந்தவர் மினார்ஸ்கி ஒருவர்தான். பிராஃபியும் செத்திருந்தால் அந்த வாலில் நடந்தது யாருக்குமே தெரிந்திருக்காது, மற்ற ஐந்து பேரும் முன்னால் இருந்தவர்கள். பிராஃபி 1945-இல் விமானியைச் சந்தித்து நடந்ததைச் சொன்னபிறகுதான் மினார்ஸ்கிக்கு, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் பதக்கத்துக்குப் பரிந்துரை போனது. அறிவிப்பு 1946 அக்டோபர் 11-இல் வந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படையான பாம்பர் கமாண்டில் போரில் செத்தவர்கள் 55,573 பேர். அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்திருக்கும்?

கட்டுரையில் இன்னொன்றையும் எழுது. வேறு மாதிரிக் கூண்டு செய்ய முடியாமல் இல்லை. கெயின்ஸ்பரோவில் ரோஸ் சகோதரர்கள் கம்பெனி பெரிய திறப்போடு ஒரு பின்கூண்டு செய்தது. அதில் பாராசூட்டை மாட்டிக்கொண்டே உட்காரலாம், எதையும் சுழற்றாமல் துப்பாக்கிகளுக்கு மேலாக நேரே குதிக்கலாம். 1944-இல்தான் அது சில ஸ்குவாட்ரன்களுக்கு வர ஆரம்பித்தது. பெரும்பாலான லங்காஸ்டர்கள் போர் முடியும்வரை பழைய கூண்டோடுதான் பறந்தன. என்னைக் கேட்டால் அந்தத் தாமதம் சல்யூட்டைவிட அதிகம் பேசப்படவேண்டிய விஷயம், ஆனால் அதற்கு யாரும் சிலை வைப்பதில்லை.

கடைசியாக, ஆதாரத்துக்கு. பதக்க அறிவிப்பு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் இருக்கிறது, ஒரு பக்கம்கூட வராது. கைப்பிடி ஒடிந்தது, இடப்பக்க எஞ்சின்கள் நின்றதால் ஹைட்ராலிக் போனது, இரண்டும் அதிலேயே எழுதியிருக்கிறது. போரில் இறந்த கனடியர்களின் சேவைக் கோப்புகளை ஒட்டாவா தேசிய ஆவணக் காப்பகம் பார்வைக்குத் திறந்துவைத்திருக்கிறது. மினார்ஸ்கியின் பெயரில் அங்கே தேடு. அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக நிற்கும் பெரியவர்களிடம் பின்கூண்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேள். மற்ற பையன்கள் கேட்காத கேள்வி என்பதால் நின்று சொல்வார்கள்.

அன்புடன்,
மாமா