விடுதியைப் பூட்டும் முன்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறை, குழந்தைகள் நலத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வரும் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், அதன் 46ஆம் பிரிவு, அது சொல்லும் பின்பராமரிப்பு (இல்லத்தைவிட்டு வெளியே வந்தபின் தரும் உதவி), அதற்குப் பணம் தரும் ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் எல்லாம் உங்கள் மேசையில் இருக்கும் கோப்புகள்தான். நானும் அப்படி ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். இன்று ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, மனைவி, மூன்று மாதக் கைக்குழந்தை. எனக்கென்று எதுவும் கேட்க வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: பண்டிகைக்கும் கோடை விடுமுறைக்கும் கல்லூரி விடுதிகளைப் பூட்டும்போது, போக இடமில்லாத பிள்ளைகளுக்காக மாவட்டத்துக்கு ஒரு விடுதியையாவது திறந்து வையுங்கள்.

எங்கள் இல்லத்துத் தம்பி ஒருவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. இதற்கெல்லாம் நன்றி, மனதாரச் சொல்கிறேன். இவை என் காலத்தில் இல்லை.

இந்தப் பொங்கலுக்குப் போகிக்கு முதல்நாள் மாலை அவன் விடுதியைப் பூட்டினார்கள். மெஸ் மதியமே மூடியாகிவிட்டது. விடுப்புப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: செல்லும் ஊர், வீட்டு முகவரி, பெற்றோர் கையொப்பம். முதல் இரண்டிலும் இல்லத்தின் முகவரியை எழுதினான். மூன்றாவதில் அவனே ஏதோ கிறுக்கினான். வாட்ச்மேன் பார்க்கக்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு திருச்சி ஜங்ஷனுக்கு நடந்தான்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தெற்கே வரும் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. தெற்கேயிருந்து சென்னைக்குப் போகும் ரயில் காலியாக இருக்கும். இதை யோசித்து, அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து, எல்லோரும் ஊருக்கு வரும் இரவில் இவன் எதிர்த்திசையில் ஏறி, சாமான் வைக்கும் பலகையில் படுத்துத் தூங்கினான். அடுத்த மூன்று இரவில் இரண்டு எழும்பூர் ஸ்டேஷனில், ஒன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில். பொங்கலன்று காலைக்கு டீயும் பன்னும். கடைசி இரவு, ஊரே சென்னைக்குத் திரும்பும்போது, இவன் மறுபடி காலி ரயிலில் தெற்கே வந்தான். இன்ஜினியரிங் மூளை வீண்போகவில்லை பாருங்கள்.

காணும் பொங்கலன்று மெரினாவில் இருந்திருக்கிறான். கூட்டத்தில் குழந்தைகள் தொலைந்துவிடாமல் இருக்க, பெற்றோரின் போன் நம்பரை எழுதி ஒரு பட்டையைக் குழந்தைகளின் மணிக்கட்டில் போலீஸ்காரர்கள் கட்டுவார்கள். நல்ல ஏற்பாடு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னான். "எனக்கும் ஒண்ணு கட்டச் சொல்லலாமான்னு நெனச்சேன்ணே. எந்த நம்பரச் சொல்றதுன்னு தெரியல." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இது நடந்து பத்து நாள் கழித்துத்தான் எனக்கே தெரியும். ஏண்டா எனக்குப் போன் பண்ணல என்று திட்டினேன். "அண்ணிக்கு இப்பத்தானே பிரசவம் ஆச்சு, உங்களுக்கும் ஒத்த ரூமு" என்றான்.

இல்லத்துக்கே போகக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. பதினெட்டு முடிந்தவரைச் சிறு பிள்ளைகளோடு தங்க வைக்க விதி இடம் தரவில்லை. அந்த விதி சரி என்றே நானும் சொல்வேன். இல்லத்து அம்மா எங்களுக்கு வாசலில் உட்கார வைத்துச் சோறு போடுவார், பொழுது சாய்ந்ததும் "இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நான் என்னப்பா சொல்றது" என்று கண்ணைத் துடைப்பார். அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

பின்பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் பொங்கல் வாரத்தில் ஐந்து நாள் லாட்ஜில் தங்க அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதுவும் பணம் மாதாமாதம் வந்தால். சட்டப்படி 21 வயதில் அது நின்றுவிடும், விதிவிலக்காக 23 வரை நீட்டலாம். விதிவிலக்கு வாங்க எத்தனை முறை கலெக்டர் ஆபீஸ் படி ஏற வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். எங்களில் பலருக்குப் பிறந்தநாள் ஜூன் மாதத்தில்தான் வரும். பிறந்ததால் அல்ல, பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் குத்துமதிப்பாக எழுதியதால். நான்காம் ஆண்டு நடுவில் உதவி நிற்பதும் நிற்காததும் எப்போதோ ஒரு வாத்தியார் எழுதிய தேதியைப் பொறுத்தது.

வேறு ஏதாவது உதவி கிடைக்குமா என்று சாதிப் பட்டியலையும் பார்த்தோம். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் இடமுண்டு, பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லாமல், அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் சேர்ந்திருந்தால். எங்கள் தம்பியின் அப்பா அவனுக்கு எட்டு வயதில் போனார். அம்மா பதினொன்றில். அந்த அம்மா இரண்டு வருடம் முந்தியிருந்தால் பையன் பட்டியலில் வந்திருப்பான். விவரம் தெரியாத பொம்பளை, அவனுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது இதையல்ல. வயதையும் பட்டியலையும் மாற்ற வேண்டியவர்கள் வேறு, அதற்கு நாளாகும் என்பதும் தெரியும். விடுதிக்கு அதெல்லாம் தேவையில்லை. கட்டடம் இருக்கிறது. கட்டிலும் இருக்கிறது. மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதி, ஒரு சமையல்காரர், ஒரு வாட்ச்மேன். விடுப்புப் படிவத்தில் "செல்ல இடம் இல்லை" என்று நான்காவதாக ஒரு கட்டம். அதை டிக் செய்தவனின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டாமல், வார்டன் தனியே கூப்பிட்டுப் பேசினால் போதும். ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் தேறுவார்கள்? ஒரு பந்தியில் உட்கார வைத்துவிடலாம்.

இதைப் படித்துவிட்டு, மேல் நடவடிக்கைக்காக இன்னொரு துறைக்கு அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு நகல் போடாதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். விடுமுறையில் ஒரு விடுதி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செமஸ்டர் தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறைக்கு விடுதியை முழுதாகக் காலி செய்யச் சொல்வார்கள். டிரங்குப் பெட்டி, பாய், பக்கெட் எல்லாவற்றையும் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் போட்டுவைக்கத் தம்பி இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். கடைக்காரர் நல்ல மனிதர், போன வருடமும் இடம் கொடுத்தார். அதற்கு முன் உங்கள் உத்தரவு வந்துவிட்டால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
இல்லத்தில் வளர்ந்த ஓர் அண்ணன்,
ஓசூர்.