காதலைச் சாட்சிக்கு அழைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

"நாங்கள் காதலிக்கிறோம், கல்யாணம் செய்துகொள்ள வேறென்ன உரிமை வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். உங்கள் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. நீ சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை.

ஒருவர் உயிரையே வைத்திருந்தாலும், எதிரில் இருப்பவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. இருவரும் காதலித்தாலும், ஒருவருக்கு வயது பதினைந்து என்றால் உரிமை பிறக்காது; காதல் பொய் என்பதால் அல்ல. சரி, காதலே இல்லாமல், பேச்சுத்துணைக்காக அறுபது வயதில் மணந்துகொள்ளும் இருவருக்கு உன்னைவிட உரிமை குறைவா?

1948-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆவது பிரிவைப் படித்துப் பார். உரிய வயது, இருவரின் முழுமனதான சம்மதம் என்கிறது. காதலைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுதியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்காதே. காதலை நிபந்தனையாக்கினால் அதை யாராவது அளக்க வேண்டும். வெளிநாட்டுத் துணைக்குக் குடியேற்ற அனுமதி கேட்கும் தம்பதியைச் சில நாடுகளில் தனித்தனியே உட்காரவைத்து, கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதுவரை கேட்கிறார்கள். பதில் ஒத்துப்போகாவிட்டால், கல்யாணமே போலியோ என்று சந்தேகம். உன் வாதம் எல்லோரையும் அந்த மேசை முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளையர், வெள்ளையரல்லாத மில்ட்ரெட்டை 1958-ல் மணந்தார். வர்ஜீனியா மாநிலத்தில் அப்படி இனம் கடந்து மணப்பது அன்று குற்றம். நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்து கைதுசெய்தார்கள். 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குத் திரும்பக் கூடாது என்றார்கள். தன் மனைவியை நேசிப்பதாக நீதிமன்றத்தில் சொல்லும்படி வழக்கறிஞரிடம் ரிச்சர்ட் சொல்லியனுப்பினார். அவரும் சொன்னார். ஆனால் 1967-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை வீழ்த்தியது சமத்துவத்தையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காட்டித்தான்.

ஆகவே பெரியவர்களிடம் போய் உங்கள் காதல் உண்மையானது என்று நிரூபித்துக்கொண்டிருக்காதே. அப்படித் தொடங்கினால் தீர்ப்புச் சொல்லும் வேலையை நீயே அவர்களிடம் கொடுத்துவிடுகிறாய். 'வெறும் மோகம், ஆறு மாதத்தில் தெளிந்துவிடும்' என்பார்கள். என்ன பதில் வைத்திருக்கிறாய்? இருவருக்கும் வயது வந்துவிட்டது, இருவருக்கும் சம்மதம் என்று மட்டும் சொல். அதை அந்தப் பெண்ணும் தன் வாயால் சொல்லட்டும். உன் கடிதம் நெடுக 'நாங்கள், நாங்கள்' என்றே எழுதியிருக்கிறாய். அவள் சொன்னதாக ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

அன்புடன்,
அக்கா