கேட்டது அனாஃபேஸ் 1, விடைக்குறிப்பில் இருப்பது அனாஃபேஸ் 2

மாவட்டத் திருப்புதல் தேர்வுக்கு உயிரியல் விடைக்குறிப்பு தயாரித்த குழுவினருக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் நான். எந்தக் கேள்வியைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், குன்றல் பகுப்பின் (மியாசிஸ்) அனாஃபேஸ் 1 பற்றிய அந்த மூன்று மதிப்பெண் கேள்விதான். பாலணுக்கள் உருவாக செல் அடுத்தடுத்து இரண்டு முறை பிரிவது குன்றல் பகுப்பு, ஒவ்வொரு முறையும் குரோமோசோம்கள் இரு பக்கமாக விலகும் கட்டம் அனாஃபேஸ். இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று, "பார்க்கலாம் டீச்சர்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது.

அனாஃபேஸ் 1-இல் 'சென்ட்ரோமியர் பிளந்து குரோமாட்டிடுகள் பிரிகின்றன' என்று குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். குரோமாட்டிடுகள் என்பவை ஒரு குரோமோசோமின் இரண்டு இழைகள், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இடம் சென்ட்ரோமியர். அது இரண்டாம் பகுப்பில் நடப்பது. முதல் பகுப்பில் பிரிவது குரோமோசோம் ஜோடி. அப்பாவிடமிருந்து வந்தது ஒரு பக்கம், அம்மாவிடமிருந்து வந்தது மறுபக்கம், ஒவ்வொன்றும் தன் இரண்டு குரோமாட்டிடையும் விடாமல் கூட்டிக்கொண்டேதான் போகும். மனிதனுக்கு 46 என்பது 23 ஆகக் குறைவதே இந்த இடத்தில்தான், குன்றல் பகுப்பு என்ற பெயரே அதற்காகத்தான்.

என் வகுப்பில் இதைச் சிவப்பு, நீல உல்லன் நூலை வைத்து நடத்தினேன். நூலை இரட்டையாக மடித்து நடுவில் ஒரு சட்டைப் பொத்தானால் கட்டினால் அது ஒரு குரோமோசோம், பொத்தான்தான் சென்ட்ரோமியர். முதல் சுற்றில் பொத்தானைத் தொடக்கூடாது என்பதுதான் விதி. ஒரு மாணவி அதை அப்படியே விடைத்தாளில் வரைந்திருக்கிறாள், ஒன்றைப் பென்சிலால் அடர்த்தியாகத் தீட்டி, மற்றதை வெறுமனே விட்டு. குறுக்கேற்றம், அதாவது ஜோடிக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, முடிந்துவிட்டது என்று காட்ட, தீட்டிய ஒரு கையின் நுனியை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறாள், வெள்ளைக் கையின் நுனியைத் தீட்டியிருக்கிறாள். திருத்தியவர் அந்த நுனியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டு, படத்தின் குறுக்கே ஒரு கோடும் இழுத்து, மூன்றுக்குப் பூஜ்யம் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், குறிப்பில் இருந்ததைப் பார்த்துத் திருத்தினார். குறிப்பைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பொத்தானை முதல் சுற்றில் அவிழாமல் காப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. ஈஸ்ட்டில் 2004-இல் அதைக் கண்டறிந்த ஜப்பானியர்கள் ஷுகோஷின் என்று பெயர் வைத்தார்கள், காவல் தெய்வம் என்று அர்த்தம். செல் அவ்வளவு கவனமாகக் காப்பதை நீங்கள் ஒரே வரியில் பிளந்துவிட்டீர்கள். ஜோடி பிரிவதற்கும் குரோமாட்டிட் பிரிவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று உங்களில் ஒருவர் போனில் கேட்டார். டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தக் கூடுதல் 21-ஆம் குரோமோசோம் வருவதே, தாயின் கருமுட்டை உருவாகையில், அதிலும் அதிகமாக முதல் பகுப்பில், ஜோடி சரியாகப் பிரியாமல் போவதால்தான். அந்த வித்தியாசம்தான் ஐயா.

இதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. போன வருடம் செய்முறைக்கு 'மியாசிஸ்' என்று லேபிள் ஒட்டி எங்களுக்கு வந்த ஸ்லைடு பெட்டியைத் திறந்தால் உள்ளே வெங்காய வேர்நுனி. வேர்நுனியில் விடிய விடியத் தேடினாலும் மைட்டாசிஸ், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை குறையாத சாதாரணப் பகுப்புதான் கிடைக்கும், மியாசிஸ் வேண்டுமென்றால் பூமொட்டின் மகரந்தப்பைக்குப் போக வேண்டும். சரி, ஸ்லைடு உங்கள் பொறுப்பில்லை, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். விடைக்குறிப்பைத் திருத்தி எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள், சரியாக எழுதிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த மூன்று மதிப்பெண்ணைத் தயவுசெய்து கொடுங்கள். "பொதுத்தேர்வில் எதை எழுதட்டும் மிஸ், படித்ததையா, கீயில் இருக்கிறதையா?" என்று படம் வரைந்த அந்த மாணவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் விடைத்தாளின் நகலை உங்கள் அலுவலகத்தில் மறுபடியும் கொடுத்திருக்கிறேன். ஏழாம் பக்கம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை