காற்றுக்கும் ஒரு பங்கு வேண்டும்

ஆசிரியருக்கு,

காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழி வழியாக ஆடி மாதம் பேருந்தில் போனால் ஜன்னல் சட்டமே கடகடவென்று அதிரும். அந்தக் காற்றில் கிடைக்கும் மின்சாரத்தில் மாநிலத்துக்கு எவ்வளவு அதிகாரம்? மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில், மின்சாரம் 38-ஆவது இனம். மத்திய சட்டத்தோடு மோதினால், குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாத மாநிலச் சட்டம் நிற்காது. மின்சார நுகர்வுக்கும் விற்பனைக்கும் மாநிலம் வரி போடலாம், உற்பத்திக்கு முடியாது என்கிறது மத்திய அரசு.

இமாச்சலப் பிரதேசம் நீர்மின் நிலையங்கள் மீது 2023-இல் கொண்டுவந்த தண்ணீர் வரிச் சட்டத்தை, அந்த மாநில உயர் நீதிமன்றமே 2024 மார்ச்சில் ரத்து செய்தது. சரி, அவர்களுக்கு நீர்மின் திட்டங்களிலிருந்து 12 சதவீதம் இலவச மின்சாரமாவது கிடைக்கிறது. நம் காற்றாலைகளுக்கு அதுவும் இல்லை. காற்றாலை மின்சாரத்தில் மாநிலத்துக்கும் ஒரு பங்கு கிடைக்க நாடாளுமன்றம்தான் வழிசெய்ய வேண்டும். நம் எம்.பி.க்கள் கேட்பார்களா?

– ஒரு வாசகர், நாகர்கோவில்