ஹனோய் நீர்ப்பொம்மலாட்டத்தில் பக்கத்து இருக்கை அக்காவுக்கு

ஹோவான் கியெம் ஏரிக்கரை அரங்கில், முன்வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, இது உங்களுக்கு.

வசனம், பாட்டு எல்லாமே வியட்நாமிய மொழி. கதை பிடிபடாமல் விழித்தபோது, கேட்காமலே காதோடு சொல்லிக்கொடுத்தீர்கள். முதலில் வரும் தொப்பைக்காரர் சூ தேவ். நம்மூர்க் கட்டியங்காரன் மாதிரி. ஆமை வாளைத் திரும்ப வாங்குவது 15ஆம் நூற்றாண்டு மன்னர் லே லோய் கதை, அதுவும் வாசலுக்கு வெளியே இருக்கும் இதே ஏரியில்!

தண்ணீர் கலங்கலாக இருப்பது அழுக்கால் இல்லை, பொம்மைகளை ஆட்ட அடியில் ஓடும் மூங்கில் கழி தெரியாமலிருக்கத்தான் என்றீர்கள். பொம்மை அத்தி மரம். மேலே அரக்குப் பூச்சு இல்லாவிட்டால் ஊறிப்போகும்.

டிராகன் தண்ணீர் பீய்ச்சப்போகிறது என்று சரியாக முன்கூட்டியே ஒரு பாலித்தீன் பையை நீட்டினீர்களே, கேமரா பிழைத்தது அதனால்தான். (முன்வரிசைக்காரர்கள் கவனிக்க.)

முடிந்ததென்று எழுந்தவர்களைக் கையமர்த்தி உட்காரவைத்தீர்கள். கலைஞர்களை மறைத்திருந்த மூங்கில் தட்டி விலகியது. இடுப்பளவுத் தண்ணீரில், சொட்டச் சொட்ட நின்று கும்பிட்டார்கள் அவர்கள்.

ரொம்ப நன்றி அக்கா. உங்கள் பாலித்தீன் பை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.